வைஃபை கார்டு சாகவில்லை, டிரைவர்தான் இல்லை

போன வாரம் ஒரு கல்லூரி மாணவர் லேப்டாப்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "அண்ணா, வைஃபை கார்டு போயிடுச்சாம், மாத்தணுமாம்." வீட்டிலேயே ஃபார்மேட் செய்து விண்டோஸ் 11 போட்டிருக்கிறார். பாதியில் இன்டர்நெட் கேட்டு நின்றுவிட்டது. பட்டியலில் ஒரு வைஃபை பெயர்கூட இல்லை. அதைப் பார்த்த யாரோ கார்டு காலி என்று சொல்லியிருக்கிறார்.

நான் ஸ்க்ரூடிரைவரைத் தொடவில்லை. அந்தத் திரையிலேயே ஷிஃப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்தி, வந்த கருப்புப் பெட்டி வழியாக, லேப்டாப்பில் உள்ள பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். அடப்பாவி, உயிரோடுதான் இருக்கிறது! முழுதாகச் செத்த கார்டு பெரும்பாலும் பட்டியலில் தலையே காட்டாது. ஹார்ட்வேர் ஐடியில் தயாரித்த கம்பெனிக்கான எண்ணைப் பார்த்தால் 14சி3, அதாவது மீடியாடெக். 8086 என்றிருந்தால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக். விண்டோஸை நிறுவும் ஐஎஸ்ஓ ஃபைலில் புதிய கார்டுகள் பலவற்றுக்கு டிரைவர், அதாவது கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள், இருப்பதில்லை, அவ்வளவுதான் விஷயம்.

நெட் கேபிள் செருகும் லேன் போர்ட்டும் இல்லாத மெல்லிய மாடல் அது. அவருடைய ஆண்ட்ராய்டு போனைச் செருகி போனின் நெட்டைக் கேபிள் வழியாக லேப்டாப்புக்குக் கொடுக்கும் யூஎஸ்பி டெதரிங் போடச் சொன்னேன். அந்த ஆப்ஷன் மங்கலாகவே கிடந்தது. அவருடைய கேபிள் சார்ஜுக்கு மட்டும் ஆனது, உள்ளே டேட்டா ஒயரே கிடையாது. அதற்குப் பதில் என் கேபிளைச் செருகியதும் நெட் வந்துவிட்டது. டெஸ்க்டாப் வந்தபின் விண்டோஸ் அப்டேட்டே வைஃபை டிரைவரை இறக்கிக்கொண்டது. போன் வைஃபையில் இருந்தால் அதையே லேப்டாப்புக்குக் கொடுக்கும், மொபைல் டேட்டா தீராது.

ஃபார்மேட்டுக்கு முன்பே லேப்டாப் கம்பெனி தளத்தில் உங்கள் மாடலுக்கான வைஃபை டிரைவரை எடுத்து, விண்டோஸ் போடும் அதே பென்டிரைவில் போட்டு வையுங்கள். 'எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்' என்று வரும் தளங்கள் பக்கம் போகாதீர்கள். கூடவே வேண்டாததும் வந்து உட்காரும்.

கார்டு பட்டியலிலேயே இல்லை என்றாலும் அவசரப்பட வேண்டாம். ஷட்டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு ஆன் செய்து பாருங்கள். தொங்கிப்போன இன்டெல் கார்டுகள் இதில் திரும்பி வந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறமும் மாற்றியே தீர வேண்டுமென்றால் மாடலைப் பார்த்து வாங்குங்கள். ஏஎம்டி லேப்டாப்புக்கு இன்டெல் ஏஎக்ஸ்211 வாங்கி வந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்தது, ஆனால் அது இன்டெல் பிராசஸரோடு மட்டுமே பேசும். அவருக்குத் தேவைப்பட்டது ஏஎக்ஸ்210.