காட்டுக்குள் நடக்க யாரிடம் அனுமதி வாங்குவது? தமிழ்நாடு மலையேற்றத் திட்டம்

"ரேஞ்சர் ஆபீஸில் யாரையாவது தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் மலைக்குப் போகிறோம்" என்று மாதத்துக்கு ஒருவராவது எனக்குப் போன் செய்கிறார். யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து, போனிலோ கணினியிலோ 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தைத் திறந்து, தடத்தையும் தேதியையும் தேர்ந்தெடுத்து, பணம் கட்டினால் போதும். 14 மாவட்டங்களில் 40 தடங்கள் என்று ஆரம்பித்தார்கள். மற்ற மாவட்டங்களைவிட நீலகிரியிலும் கோவையிலும்தான் தடங்கள் அதிகம்.

ஆனால் எதற்கு அனுமதி கிடைக்கிறது என்பதில்தான் பலருக்குக் குழப்பம். உங்களுக்குக் கிடைப்பது காட்டுக்குள் போகும் அனுமதி அல்ல. ஒரு குறிப்பிட்ட தடத்தில், ஒரு குறிப்பிட்ட நாளில், வழிகாட்டியோடு நடக்கும் அனுமதி. பக்கத்து மேட்டில் ஏறி ஒரு போட்டோ எடுத்துவிட்டு வருகிறேன் என்றால் அந்த மேடு அதில் அடங்காது.

ஏன் இவ்வளவு கறார் என்றால் குரங்கணி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறப் போன 23 பேர் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்கள். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் வரைதான் அனுமதி இருந்தது, போனது கொழுக்குமலைப் பக்கம் என்று அப்போதே வெளியே வந்தது. சரிவில் காய்ந்த புல்லில் தீப்பிடித்தால் அது மேல்நோக்கித்தான் பாயும், மனிதர் ஓடுவதைவிட வேகமாக. யார் எங்கே நடக்கிறார்கள் என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாவிட்டால் தேடிப் போகவும் வழியில்லை. அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. தடங்களை எளிது, மிதமானது, கடினம் என்று பிரித்தார்கள். இப்போதைய திட்டம் அந்த விதிகளின் மேல்தான் நிற்கிறது.

அதனால் காலண்டரில் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை. அது தீக்காலம், தடங்கள் மூடியிருக்கும். பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். மழை பலமாகப் பிடித்தாலும், யானை நடமாட்டம் கூடினாலும் நடுவில் நிறுத்துவார்கள், சண்டை போட்டுப் பயனில்லை.

வயது விஷயம் எளிது. 18 நிரம்பியவர்கள் தாங்களே பதிவு செய்யலாம். 18க்குக் குறைந்தவர்களுக்கு எளிதான தடங்கள் மட்டும், அதுவும் பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தோடு. பத்து வயதுக்கும் குறைவு என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ கூடவே நடக்க வேண்டும். கட்டணம் தடத்துக்குத் தடம் மாறும், சில நூறில் தொடங்கிச் சில ஆயிரம் வரை போகும். இடையில் மாற்றியும் இருக்கிறார்கள், ஆகவே பழைய யூடியூப் வீடியோவில் சொன்ன தொகையை நம்பாமல் பதிவு செய்யும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். காசு அதிகம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கும் சில தடங்களில் அப்படித்தான் தோன்றுகிறது, ஆனால் அந்தக் காசில் ஒரு பகுதி கூட வரும் வழிகாட்டிக்குப் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்த வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்தந்த மலையைச் சேர்ந்த பழங்குடி, வனக்கிராம இளைஞர்கள். பயிற்சி கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். நான் ஒருமுறை நடந்தபோது முன்னால் போன தம்பி சட்டென்று நின்று கையைத் தூக்கினார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் காட்டியது பாதையோரம் உரிந்து தொங்கிய ஒரு மரப்பட்டை, ஈரம் இன்னும் காயவில்லை. "இப்பத்தான் போயிருக்கு அண்ணா, பத்து நிமிசம் இருப்போம்" என்றார். இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். யானையைப் பார்க்கவே இல்லை, அதுதான் நல்லது.

அணை ஓரம் நடக்க ஆசைப்படுகிறவர்களுக்குத் தனியாகச் சில விஷயங்கள். ஆழியார் கால்வாய்க் கரை, திருநெல்வேலி மாவட்டத்தில் காரையாறு – மூலக்கசம் எனத் திட்டத்திலேயே தண்ணீரை ஒட்டிய தடங்கள் உண்டு. சென்னைக்காரர்கள் என்றால் பூண்டி நீர்த்தேக்கப் பக்கம் குடியம் குகைகள். கற்கால மனிதர்கள் ஒதுங்கிய பாறைக் குடைவுகள் அவை, முதல் தடவை நடப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் அணை ஒருவருடையது, காடு இன்னொருவருடையது. அணை நீர்வளத் துறையிடமோ மின்வாரியத்திடமோ இருக்கும், அதைச் சுற்றியுள்ள காடு வனத்துறையிடம். ஆழியார் அணைப் பூங்காவுக்கு டிக்கெட் வாங்கிவிட்டோமே என்று பின்னால் காட்டுக்குள் இறங்கினால் அந்த டிக்கெட் அங்கே செல்லாது. நீலகிரியில் அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி எல்லாம் குந்தா நீர்மின் திட்டத்துக்காகக் கட்டியவை. கோடையில் நீர் இறங்கியதும் கரை பச்சைப் புல்வெளி மாதிரி இருக்கும், வெடித்த சேற்றுப் பொருக்கின் மேல் கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். அமராவதி அணையில் முதலைகளே இருக்கின்றன. தடத்தில் நடக்க அனுமதி என்றால் தண்ணீரில் இறங்க அனுமதி என்று அர்த்தமில்லை.

சரி, பதிவு செய்யாமல் போனால் என்ன ஆகும்? காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயமாக இருந்தால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும், அதில் உள்ளே தீ மூட்டுவதற்கே தனித் தடை இருக்கிறது. டீ போடத்தான் அடுப்பு மூட்டினோம் என்றாலும் கணக்கு ஒன்றுதான். "வேலி இல்லை, போர்டு இல்லை, ஊர்க்காரர் மாடு ஓட்டிக்கொண்டு போகிறாரே" என்பார்கள். அவர் போவது வேறு. கொடைக்கானலுக்குக் கீழே வெள்ளகவி என்று ஒரு ஊர், வட்டக்கானலிலிருந்து அங்கே போகும் பாதை இந்தத் திட்டத்தில் ஒரு தடம். நமக்கு அது மலையேற்றம், அந்த ஊர்க்காரர்களுக்கு அரிசி மூட்டை வருகிற வழி. பழங்குடிகளுக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படியும் உரிமைகள் உண்டு. அதை நாம் நமக்கும் உண்டு என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு குழுவில் ஆளுக்கு இரண்டாயிரம் கட்டினோம், "பர்மிஷன் எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். காலை ஐந்தரைக்குச் செக்போஸ்ட்டில் வனக்காப்பாளர் டார்ச் அடித்து, பெயர்ப் பட்டியல் எங்கே என்று கேட்டார். பட்டியலே இல்லை. கூட்டி வந்தவர் ஓரமாகப் போய் யாருக்கோ போன் பேசிக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு பேரும் வந்த வேனிலேயே திரும்பினோம், பணமும் வரவில்லை. இப்போதும் தனியார் யாராவது கூட்டிப் போகிறேன் என்றால், உங்கள் பெயரில் பதிவான சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியவில்லையா, விட்டுவிடுங்கள்.

வெள்ளியங்கிரி பற்றித் தனியாகக் கேட்கிறார்கள். அது திட்டத்தின் தடங்களில் ஒன்றாக வந்தபோது, சாமி கும்பிடப் போகவும் காசா என்று பெரிய சர்ச்சையானது. பக்தர்கள் வழக்கமான பருவத்தில் ஏழு மலையும் ஏறுவது வேறு, இந்தத் திட்டத்தில் வழிகாட்டியோடு போவது வேறு. பக்தர்களிடம் இந்தக் கட்டணம் கேட்பதில்லை.

ஊட்டி, கொடைக்கானல் பக்கத் தடம் என்றால் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். மலையேற்றப் பதிவு செய்தால் இ-பாஸ் தானாக வராது, அதைத் தனியாக எடுக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்கும் அங்கே ஆகாது, எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். மழைக்காலத்துக்குப் பின் ஆனைமலையில் டாப்சிலிப், மானாம்பள்ளிப் பக்கம் போனால் அட்டை ஏறும். ஒரு சின்னத் துணியில் உப்பு முடிந்து வைத்துக்கொண்டு அட்டை மேல் ஒற்றுங்கள், பிடுங்கி இழுக்காதீர்கள்.

அப்புறம், சீட்டை போனில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், முடிந்தால் ஒரு பிரிண்ட்டும், கூடவே அசல் அடையாள அட்டையும். பாதி செக்போஸ்ட்டுகளில் சிக்னல் கிடையாது. மெயிலைத் திறக்கிறேன் என்று போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒருவரை ஒவ்வொரு தடவையும் அங்கே பார்க்கிறேன்.