கீமோவுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி

மறுபடியும் ஒரு தம்பதி. திருமணமாகி இரண்டு வருடம் ஆகியும் குழந்தை இல்லை என்று வந்தார்கள். மனைவிக்கு எல்லாப் பரிசோதனையும் வெளியிலேயே முடிந்திருந்தது, கர்ப்பப்பைக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே உட்பட. கணவருடைய சாம்பிளை மட்டும் யாரும் கேட்கவில்லை. (இது தனி வயிற்றெரிச்சல், இன்னொரு நாள் எழுதுகிறேன்.) பார்த்தால் ஒரு விந்தணுகூட இல்லை. துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 19 வயதில் எலும்பில் புற்றுநோய். ஐஃபாஸ்ஃபமைட் என்ற மருந்து சேர்த்துப் பல சுற்று கீமோ. "உசுரு பொழைச்சாப் போதும்னு இருந்தோம் டாக்டரம்மா. இப்படி ஆகும்னு யாரும் சொல்லலையே" என்றார் கூட வந்த அம்மா.

அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியவர்கள் மருத்துவர்கள். "முதல் டோஸ் போடுவதற்குள் ஒரு சாம்பிள் கொடுத்துவிட்டு வா தம்பி" என்று ஒரே ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது.

எல்லாக் கீமோவும் ஒன்றல்ல. சைக்ளோஃபாஸ்ஃபமைட், ஐஃபாஸ்ஃபமைட், பியூசல்ஃபான், மெல்ஃபலான் போன்றவைதான் விந்தணுவுக்கும் கருமுட்டைக்கும் பெரிய எதிரிகள். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் ஏபிவிடி என்ற நான்கு மருந்துக் கூட்டு அவ்வளவு மோசமில்லை, பெரும்பாலான ஆண்களுக்கு விந்தணு திரும்பிவிடும். எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு முன்னால் கொடுக்கும் கடுமையான மருந்துகளுக்குப் பிறகு அப்படி எதிர்பார்க்க முடியாது. அடிவயிற்றில் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தால் சினைப்பை மட்டுமல்ல, கர்ப்பப்பையும் அடிபடும். ஆக, எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு, எந்த வயதில் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

ஆண்களுக்கு வழி மிகச் சுலபம் என்பதுதான் என்னை இன்னும் கோபப்படுத்துகிறது. ஒரு சாம்பிள், முடிந்தால் இரண்டு. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வருடக்கணக்கில் கெடாமல் இருக்கும். செலவு பெரும்பாலும் ஒரு பெட் ஸ்கேனைவிடக் குறைவு. நோயால் எண்ணிக்கை குறைந்திருந்தாலும் பரவாயில்லை, விந்தணுவை நேராக முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையில் ஒரு முட்டைக்கு ஒரு விந்தணு போதும். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1996இல் நோய் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்த நிலையிலும் கீமோவுக்கு முன் சேமித்து வைத்தார். பிறகு அதைக் கொண்டுதான் முதல் மூன்று குழந்தைகளைப் பெற்றார். (மற்ற விஷயங்களில் அவரைப் பின்பற்ற வேண்டாம்.) இங்கேயோ, "கல்யாணமாகாத பையன்கிட்ட இதை எப்படிங்க கேக்கிறது?" என்று அப்பா தலையைக் குனிந்துகொள்கிறார். நீங்கள் கேட்க வேண்டாம். அறைக்கு வெளியே நில்லுங்கள், நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். கீமோ தொடங்கிய பிறகு ஓடி வராதீர்கள், மருந்து பட்ட விந்தணுவைச் சேமிப்பதை நாங்கள் விரும்புவதில்லை.

இனி பெண்கள். இங்கே ஒரு தவறான நம்பிக்கையை நான் எத்தனை முறை விளக்கினாலும் தீரவில்லை. "கீமோ முடிஞ்சு பீரியட்ஸ் ஒழுங்கா வருது, அதனால பிரச்சினை இல்லை." அப்படி இல்லை அம்மா. ஆண் உடல் விந்தணுவைப் புதிதாக உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பெண் பிறக்கும்போதே தன் மொத்த முட்டைகளோடு பிறக்கிறாள், வயதுக்கு வரும்போது சில லட்சம் மிச்சமிருக்கும், அதற்கு மேல் ஒன்றுகூடச் சேராது. கீமோ அந்த இருப்பில் கை வைக்கிறது. அன்றைக்கு உலை கொதிப்பதைப் பார்த்து, குதிரில் எவ்வளவு நெல் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? 25 வயதில் பீரியட்ஸ் திரும்பி வந்த பெண்ணுக்கு 33இல் நின்றுபோகலாம். "ஒழுங்காத்தானே வருது, நாலு வருஷம் போகட்டும்" என்று மாமியார் சொன்னதைக் கேட்டுக் காத்திருந்தவர்கள் என்னிடம் வருகிறார்கள். காத்திருக்கும் முன், முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் ரத்தப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் செய்துகொள்ளுங்கள்.

இதையே தலைகீழாகவும் நம்புகிறார்கள். சிகிச்சையின்போது பீரியட்ஸ் நின்றுவிட்டதால் கரு தங்காது என்று. தங்கும். கீமோ நடக்கும்போதும், மார்பகப் புற்றுநோய்க்கான டாமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடும்போதும் கருத்தடை கட்டாயம். மார்பகப் புற்றுநோய் என்றால் ஹார்மோன் மாத்திரை கூடாது, ஆணுறை அல்லது காப்பர் டி.

முட்டை சேமிக்க இரண்டு வாரம் போதும். மாதவிடாய் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, முட்டைகளை வளர்க்கும் ஊசியை எந்த நாளிலும் தொடங்கலாம். மார்பகப் புற்றுநோயில் ஈஸ்ட்ரோஜன் ஏறாமலிருக்க லெட்ரோசோல் மாத்திரை சேர்த்துக் கொடுக்கிறோம். செலவு லட்சத்தைத் தாண்டும், அதை மறைப்பதில் பயனில்லை. வயதுக்கு வராத சிறுமிகளுக்குச் சினைப்பைத் திசுவை எடுத்து உறைய வைக்கலாம். இப்படிச் சேமித்த திசுவைத் திரும்பப் பொருத்திய ஒரு பெண்ணுக்கு 2004இல் பெல்ஜியத்தில் குழந்தை பிறந்ததாக அறிவிக்கப்பட்டது. ரத்தப் புற்றுநோயில் மட்டும் அந்தத் திசுவோடு நோயும் திரும்பலாம் என்று தயங்குவோம். தீவிர ரத்தப் புற்றுநோயில் சில சமயம் இரண்டு நாள்கூடத் தாமதிக்க முடியாது. அப்போது உயிர்தான் முதலில், அதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பெரும்பாலான மார்பகப் புற்றுநோயில் அறுவை சிகிச்சைக்கும் கீமோவுக்கும் நடுவில் சில வாரங்கள் சும்மாவே போகின்றன.

"அப்புறம் குழந்தை உண்டானா நோய் திரும்ப வந்துடுமே?" என்பார்கள். மார்பகப் புற்றுநோயில் அப்படி வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் டாமாக்சிஃபென் மாத்திரையை எப்போது நிறுத்தலாம், எத்தனை மாதம் இடைவெளி வேண்டும் என்பதைப் புற்றுநோய் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கடைசியாக, பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்கிறேன். கல்யாணத்துக்குத் தடையாகிவிடும் என்று பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எரித்துவிடாதீர்கள். எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் போனது என்று தெரியாமல் நாங்கள் இருட்டில் தடவிக்கொண்டிருக்கிறோம். எரித்தாகிவிட்டதா? சரி, சிகிச்சை எடுத்த மருத்துவமனையில் பதிவேட்டுப் பிரிவு இருக்கும். நோயாளி எண் தெரியாவிட்டாலும் பெயரும் வருடமும் சொல்லி நகல் கேளுங்கள்.