எர்ரரே காட்டாமல் டாம்கேட் திணறுவது ஏன்?

"டாம்கேட்டில் ஓடும் எங்கள் பழைய ஜாவா 6 அப்ளிகேஷன் கூட்டமான நேரத்தில் திடீரென்று நின்றுபோகிறது. சிபியு உச்சத்தில் இருக்கிறது, பதிவுக் கோப்பில் (லாக்) ஒரு எர்ரர்கூட இல்லை. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. இது என்ன வியாதி?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். டாம்கேட் என்பது ஜாவாவில் எழுதிய வலைத்தளங்களை ஓட்டும் சர்வர்.

முதலில், ரீஸ்டார்ட் பட்டனிலிருந்து கையை எடுங்கள். ரீஸ்டார்ட் செய்த நொடியில் தடயம் அத்தனையும் அழிந்துவிடும். தினமும் ராத்திரி 2 மணிக்குத் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. வண்டியில் எலுமிச்சம்பழம் கட்டுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எது எவ்வளவு சிபியு தின்கிறது என்று காட்டும் டாப் கட்டளையை, த்ரெட் (ஒரு புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலை) வாரியாகக் காட்டும் 'ஹெச்' (-H) ஆப்ஷனோடு ஓட்டுங்கள். சிபியுவைத் தின்னும் த்ரெட்டின் எண் கிடைக்கும். 12345 என்று வைத்துக்கொள்வோம். ஹெக்ஸாடெசிமலில், அதாவது 16 அடிமான எண்முறையில், அது 3039. அடுத்து, ஜேஸ்டாக் கட்டளையால் 10 விநாடி இடைவெளியில் மூன்று த்ரெட் டம்ப் (எல்லா த்ரெட்டுகளும் அந்த நொடியில் எங்கே நிற்கின்றன என்ற பட்டியல்) எடுங்கள். அவற்றில் த்ரெட் எண்ணை ஹெக்ஸாடெசிமலில் காட்டும் 'என்ஐடி' என்ற இடத்தில் 3039 எங்கே என்று தேடுங்கள். மூன்றிலும் அந்த த்ரெட் 'ரன்னபிள்' (ஓடும்) நிலையில், ஹேஷ்மேப்பின் (சாவியைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் ஜாவா அட்டவணை) 'கெட்' (எடு) அல்லது 'புட்' (போடு) அழைப்புக்குள்ளேயே நிற்கிறதா? ஆள் அகப்பட்டுவிட்டான். டம்பின் கடைசியில் டெட்லாக் (த்ரெட்டுகள் ஒன்றின் பூட்டுக்காக மற்றொன்று காத்து நிற்பது) எச்சரிக்கை எதுவும் இருக்காது. இங்கே யாரும் பூட்டுக்காகக் காத்திருக்கவில்லை, ஓடிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

ஏன் ஓடுகிறார்கள் என்பதுதான் இதில் ரசிக்க வேண்டிய இடம்.

ஹேஷ்மேப் தொடக்கத்தில் 16 பக்கெட்டுகள் (அறைகள்) கொண்டது. ஒரு சாவியும் அதன் மதிப்பும் சேர்ந்தது ஒரு பதிவு. ஒரே பக்கெட்டில் விழும் பதிவுகள் சங்கிலியாகக் கோக்கப்படும். 0.75 என்ற நிரப்பு விகிதப்படி 12 பதிவுகளைத் தாண்டும்போது பக்கெட்டுகள் 32 ஆகும். பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் புது அட்டவணைக்கு மாற்ற வேண்டும். ஜாவா 7 வரை இந்த மாற்றத்தில் ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு பதிவையும் புதுச் சங்கிலியின் தலையில் செருகுவார்கள். அதனால் வரிசை தலைகீழாகும்.

ஒரு பக்கெட்டில் 'க', அதன் பின்னால் 'ச', அத்தோடு சங்கிலி முடிகிறது. இரண்டுமே புது அட்டவணையிலும் ஒரே பக்கெட்டுக்குத்தான் போகப்போகின்றன. இரண்டு த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் இந்த மேப்பைப் பெரிதாக்கத் தொடங்குகின்றன. முதல் த்ரெட் "இப்போது க, அடுத்தது ச" என்று குறித்துக்கொள்கிறது. அந்தக் கணத்தில் இயங்குதளம் அதை நிறுத்திவைக்கிறது. இரண்டாவது த்ரெட் புகுந்து முழு வேலையையும் முடித்துவிடுகிறது. இப்போது 'ச' முன்னால், 'க' பின்னால்.

முதல் த்ரெட் விழிக்கிறது. நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. தன் புது அட்டவணையில் 'க'வை வைக்கிறது. குறித்துவைத்தபடி 'ச'வை எடுக்கிறது. 'ச'வுக்கு அடுத்தது என்ன என்று பார்த்தால், இரண்டாவது த்ரெட்டின் கைவரிசையால் 'க' என்று இருக்கிறது. சரி என்று 'ச'வைத் தலையில் செருகிவிட்டு மறுபடி 'க'வை எடுத்து, அதையும் 'ச'வுக்கு முன்னால் செருகுகிறது. 'க'வுக்கு அடுத்தது 'ச', 'ச'வுக்கு அடுத்தது 'க'. சங்கிலி வளையமாகிவிட்டது.

இதற்குப் பிறகு 'க'வையோ 'ச'வையோ தேடினால் ஒழுங்காகக் கிடைக்கும். அதனால் பாதிப் பேருக்குத் தளம் நன்றாகவே வேலை செய்யும். அந்தப் பக்கெட்டில் இல்லாத ஒரு சாவியைத் தேடி வருகிற த்ரெட்தான் முடிவைத் தேடிச் சுற்றிக்கொண்டே இருக்கும். எக்ஸெப்ஷன் (ஜாவா எழுப்பும் எர்ரர்) விழ வாய்ப்பே இல்லை, பதிவுக் கோப்பில் என்ன இருக்கும்? நான்கு கோர் மெஷினில் அப்படி நான்கு த்ரெட் சிக்கினாலே சிபியு காலி. டாம்கேட்டின் வழக்கமான 200 த்ரெட்டுகளும் மெல்ல மெல்ல அந்த வளையத்துக்குள் போய்ச் சேரும்.

டெஸ்டிங்கில் ஏன் மாட்டவில்லை? ஒரு லட்சம் பதிவுகள் சேர்ந்தாலும் ஹேஷ்மேப் பெரிதாவது மொத்தம் 14 தடவைதான். அந்தச் சில கணங்களில் இரண்டு த்ரெட் மோத வேண்டும். மேப் வேகமாக நிரம்புவது ரீஸ்டார்ட் ஆன கையோடு என்பதால், கூட்ட நேரத்தில் ரீஸ்டார்ட் செய்வது நோயை மறுபடி வரவழைக்கும் வழியும்கூட.

பல த்ரெட்டுகள் சேர்ந்து மாற்றினால் வெளியே பூட்டு வேண்டும் என்று ஹேஷ்மேப்பின் ஆவணத்தில் எழுதியே இருக்கிறது. ஆகவே இதை ஜாவாவின் பிழை என்று சொல்ல முடியாது. ஆனாலும் தவறாகப் பயன்படுத்தினால் சத்தம்போட்டு விழுவதுதான் நல்ல வடிவமைப்பு. சத்தமில்லாமல் சுற்றுவது அல்ல என்பது என் கட்சி.

இனி கோடில் தேட வேண்டியது: ஸ்டாட்டிக்காக அறிவித்த ஹேஷ்மேப்கள், சர்வ்லெட்டின் (டாம்கேட்டில் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் ஜாவா ஆப்ஜெக்ட்) உறுப்பாக இருக்கும் ஹேஷ்மேப்கள், ஸ்பிரிங் பீன்களுக்குள் (ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க் உருவாக்கி வைக்கும் ஆப்ஜெக்ட்கள்) 'கேஷ்' (தற்காலிகச் சேமிப்பு) என்ற பெயரில் உட்கார்ந்திருப்பவை. சர்வ்லெட் ஒன்றுதான், அதற்குள் நுழையும் த்ரெட்டுகள் பல. ஸ்பிரிங் பீனும் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் ஒன்றே ஒன்றுதான். 'வாலடைல்' என்ற ஜாவா சொல்லை மேப்பின் அறிவிப்புக்கு முன்னால் போட்டால் தீராது. அது மேப்பைச் சுட்டும் குறிப்பை மட்டுமே பார்த்துக்கொள்ளும், உள்ளே இருக்கும் சங்கிலியை அல்ல.

மாற்று, பல த்ரெட்டுகள் பகிர்வதற்கென்றே ஜாவா 5 முதல் இருக்கும் கன்கரன்ட்ஹேஷ்மேப். மாற்றும்போது இரண்டு இடத்தில் இடறும். 'நல்' (null, அதாவது எதுவுமில்லை) என்பதைச் சாவியாகவோ மதிப்பாகவோ அது ஏற்காது, நல்பாயின்டர் எக்ஸெப்ஷன் வரும். "இருக்கிறதா பார், இல்லையென்றால் போடு" என்று இரண்டு வரியாக எழுதியிருந்தால் நடுவில் வேறு த்ரெட் புகுந்துவிடும். அதை புட்இஃப்ஆப்சென்ட் என்று ஒரே அழைப்பாக்குங்கள்.

2014இல் வந்த ஜாவா 8 வரிசையைத் தலைகீழாக்காமல் மாற்றுகிறது, ஆகவே இந்த வளையம் அங்கே உருவாகாது. அதற்காக ஹேஷ்மேப்பைப் பகிரலாம் என்று அர்த்தமில்லை. பதிவுகள் காணாமல் போவது தொடரும். நீண்ட சங்கிலி மரமாக மாறும் நேரத்தில் மோதினால் கிளாஸ்காஸ்ட் எக்ஸெப்ஷனும் விழும்.

"நாங்கள் படிக்க மட்டும்தானே செய்கிறோம்" என்பவர்கள் தங்கள் கேஷ் லிங்க்டுஹேஷ்மேப்பா (பதிவுகளின் வரிசையையும் நினைவில் வைக்கும் ஹேஷ்மேப்) என்று பார்க்கட்டும். கடைசியாகப் பயன்படுத்திய வரிசையில் வைக்கும்படி அதை அமைத்திருந்தால், ஒவ்வொரு கெட் அழைப்பும் அந்தப் பதிவை வரிசையின் கடைசிக்கு நகர்த்துகிறது. அங்கே படிப்பதும் எழுதுவதுதான், 'கெட்' அழைப்புக்கும் பூட்டு வேண்டும்.