கதீட்ரல் என்றால் பேராலயமா?

ஐரோப்பியப் பயணக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கும் காணொளி போடுகிறவர்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு. கோபுரம் உயரமாக இருந்தால் போதும், 'கதீட்ரல்' என்று சொல்லி, தமிழில் 'பேராலயம்' என்று முத்திரை குத்திவிடுவார்கள். ஜெர்மனியின் உல்ம் கோயிலுக்கும் அந்த முத்திரை விழுந்ததைப் பார்த்தபிறகுதான் பொறுமை போனது. 161.5 மீட்டர் கோபுரம் இருக்கிறது, சரி. ஆனால் அது எந்த ஆயருடைய (பிஷப்) கோயிலும் அல்ல. ஊர்க்காரர்கள் காசு போட்டு 1377இல் கட்டத் தொடங்கிய பங்குக் கோயில், அதாவது அந்தப் பகுதி மக்களின் வழிபாட்டுக் கோயில்.

கிரேக்கத்தில் 'கதெத்ரா' என்றால் இருக்கை. லத்தீனுக்குப் போனபின் ஆயரின் இருக்கைக்கும் அது பெயரானது. அந்த இருக்கை உள்ள கோயில் 'எக்ளேசியா கதெத்ராலிஸ்'. பிறகு அடைமொழியே பெயராகிவிட்டது. ஆங்கிலச் 'சேர்' பிறந்ததும் இதே வேரில்தான்.

இருக்கையை நேரிலேயே பார்க்கலாம். இங்கிலாந்தின் கேன்டர்பரி கதீட்ரலுக்குப் போகிறவர்கள் 1170இல் அதன் பேராயர் (ஆர்ச்பிஷப்) தாமஸ் பெக்கெட் வெட்டுப்பட்ட இடத்தில்தான் கூட்டமாக நிற்பார்கள். அங்கேயே 13ஆம் நூற்றாண்டுக் கல்லிருக்கை ஒன்றும் இருக்கிறது, அதிக அலங்காரமில்லாதது. கேன்டர்பரிப் பேராயர் பதவியேற்கும்போது அவரை அதில் அமர்த்துவார்கள். அதே நாட்டு டர்ஹாம் கதீட்ரலில் இன்னும் வேடிக்கை. 14ஆம் நூற்றாண்டு ஆயர் தாமஸ் ஹாட்ஃபீல்டு தம் கல்லறைக்கு மேலேயே இருக்கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டார். படியேறிப் போய்த்தான் உட்கார வேண்டும்.

'பேராலயம்' என்ற சொல்லில் இந்த இருக்கை எங்கே? பெருமைதான் இருக்கிறது. அளவுக்கும் கதீட்ரலுக்கும் சம்பந்தமே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு கதீட்ரல் சிறியது. ஒரு கல்லூரியின் சிற்றாலயமும் அதுவே. உலகமே வாய்பிளந்து பார்க்கும் வத்திக்கான் புனித பேதுரு கோயில் ரோமின் கதீட்ரல் அல்ல. அந்தத் தகுதி ரோமிலேயே உள்ள லாத்தரன் கோயிலுக்கு. நம் ஊரிலும் இதே குழப்பம்தான். போப் தரும் சிறப்புப் பட்டமான 'பசிலிக்கா'வைப் பெற்ற வேளாங்கண்ணிக் கோயிலைப் பேராலயம் என்கிறோம். அது அடங்கிய மறைமாவட்டத்து (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள பகுதி) ஆயரின் இருக்கையோ தஞ்சாவூர்த் திரு இருதயக் கோயிலில் இருக்கிறது. அதையும் பேராலயம் என்கிறோம். இரண்டு வேறு தகுதிக்கு ஒரே சொல் என்றால் படிக்கிறவன் என்ன செய்வான்?

வழக்கில் ஊன்றிவிட்டதே என்பார்கள். திருச்சபைக்காரர்கள் 'மறைமாவட்டப் பேராலயம்' என்று எழுதும்போது அடைமொழி காப்பாற்றிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர்கள் முதலில் வெட்டுவதே அந்த அடைமொழியைத்தான்.

'ஆயர் இருக்கைக் கோயில்' என்று எழுதலாம் என்பது என் கட்சி. இருக்கை என்றால் நாற்காலி நினைவு வரும் என்று பயப்படத் தேவையில்லை. ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு நிதி திரட்டியபோது யாரும் நாற்காலி வாங்கப் போகிறார்கள் என்று நினைக்கவில்லை. ஆசிரியர் அமரும் இடத்துக்கும் கதெத்ரா என்றே பெயர். பல்கலைக்கழக இருக்கை அந்த வழியில் வந்தது. மறைமாவட்டத்தை முன்பு மேற்றிராசனம் என்பார்கள். அதிலிருந்த ஆசனம் வடமொழி என்று கழற்றிப்போட்டோம், பொருளும் கூடவே போய்விட்டது. தென்னிந்தியத் திருச்சபையினர் பிஷப்பையே பேராயர் என்கிறார்கள். அவர்கள் 'பேராயர் இருக்கைக் கோயில்' என்று எழுதிக்கொள்ளட்டும்.

இன்னொரு எரிச்சல், ஐரோப்பாவின் 'மெடீவல்' (மத்திய கால) கோயில்களை 'இடைக்கால தேவாலயம்' என்பது. இடைக்கால பட்ஜெட், இடைக்கால ஜாமீன் என்று தினமும் கேட்கிற காதுக்கு, ஏதோ நிரந்தரக் கோயில் கட்டும்வரை போட்ட கொட்டகை என்றே படும். 1194இல் எரிந்து, மறுபடி எழுந்து, எண்ணூறு ஆண்டாக நிற்கும் பிரான்சின் சார்த்ர் கோயிலுக்கா இந்த அடைமொழி? 'பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோயில்' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?