ஏலக்காய் லாட்டுக்கு ஒரு கிளாஸ்: செட்டரில் தொடங்காதீர்கள்

போடி, கம்பம், வண்டன்மேடு பக்கம் ஏலக்காய் வியாபாரத்துக்கு மென்பொருள் எழுதுபவர்களின் கோடில் ‘லாட்’ (விற்பனைக்கு வரும் ஒரு தொகுதி காய்) என்றொரு கிளாஸ், அதாவது தரவும் அதன் மீதான செயல்களும் சேர்ந்த அச்சு, கட்டாயம் இருக்கும். லாட் எண், தோட்டக்காரர், எடை, விலை, நிலை என்று ஐந்து ஃபீல்டுகள் (தரவு இடங்கள்). ஐந்துக்கும் மதிப்பைப் படிக்க ஒரு கெட்டர், மாற்ற ஒரு செட்டர். எடிட்டரே உருவாக்கிக் கொடுத்துவிடுகிறது. ஃபீல்டுகள் பிரைவேட்தான் (வெளியிலிருக்கும் கோடு நேரடியாகத் தொட முடியாது), ஆனால் செட்டர் வழியே யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். விற்று முடிந்த லாட்டின் எடையை வேறொரு திரையிலிருந்து திருத்தினால் பில்லில் ஒரு தொகை, பேரேட்டில் இன்னொரு தொகை. நஷ்டப்படுவது தோட்டக்காரர்.

ஃபீல்டுகளை எழுதுமுன் லாட்டுக்கு என்னென்ன நடக்கும் என்று தாளில் எழுதுங்கள். பதிவாகிறது. விலை போகிறது. விலை கட்டாவிட்டால் தோட்டக்காரர் திரும்ப எடுத்துக்கொள்கிறார். அவ்வளவுதான். ஆகவே லாட்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டர் ஒன்று; ‘விற்பனைசெய்’, ‘திரும்பப்பெறு’, ‘தொகை’ என மெத்தட்கள் (செயல்கள்) மூன்று. செட்டர் ஒன்றுகூட வேண்டாம்.

கன்ஸ்ட்ரக்டரில் எடை பூஜ்யமோ மைனஸோ வந்தால், லாட் எண் காலியாக இருந்தால், அங்கேயே எக்செப்ஷன் எறியுங்கள், அதாவது பிழை என்று அறிவித்து நிறுத்துங்கள். தவறான லாட் பிறக்கவே கூடாது. ‘விற்பனைசெய்’ மெத்தட் முதலில் நிலையைப் பார்க்க வேண்டும்: காத்திருக்கும் லாட்டை மட்டுமே விற்கலாம். இந்தச் சோதனையைத் திரை தோறும் எழுதினால் ஏதோ ஒரு திரையில் நிச்சயம் விட்டுப்போகும்.

தொகையை ஃபீல்டாகச் சேமிக்காதீர்கள். எடையும் விலையும் இருக்கும்போது கணக்கிட்டுக்கொள்ளலாம். பணத்துக்கு ஃப்ளோட், அதாவது தசம எண்ணைத் தோராயமாக வைக்கும் வகை, கூடாது. 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் டபுள் என்ற ஃப்ளோட் வகையில் 0.30000000000000004 வரும். எடையைக் கிராமிலும் கிலோ விலையைப் பைசாவிலும் முழு எண்ணாக வையுங்கள்.

அதிலும் ஒரு கண்ணி உண்டு. 62.350 கிலோ, கிலோ 2,431 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 62,350-ஐ 2,43,100-ஆல் பெருக்கினால் 15,15,72,85,000. ஜாவாவின் முழு எண் வகையான இன்ட் 2,14,74,83,647 வரைதான் தாங்கும். இரண்டையும் இன்ட்டாகவே வைத்துப் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால், 1,51,572.85 ரூபாய் வர வேண்டிய இடத்தில் மைனஸ் 20,225.84 வரும், எரர் எதுவும் காட்டாது. பெருக்குவதற்கு முன்பே, பெரிய எண் தாங்கும் லாங் வகை ஆக்க வேண்டும். பெருக்கிய பிறகு மாற்றிப் பயனில்லை. பைத்தானில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அங்கே பிரைவேட்டும் இல்லை; பெயருக்கு முன் ஒற்றை அடிக்கோடு போடுவது வழக்கம்தான், தடை அல்ல.

மாறக்கூடிய வடிவமைப்பு முடிவுகளை ஒரு மாட்யூலுக்குள் மறைத்து வை என்று கணினி அறிஞர் டேவிட் பார்னாஸ் 1972-லேயே எழுதினார். கிராமா கிலோவா என்பது அப்படிப்பட்ட முடிவு. அது வெளியே தெரியாதவரை நாளை மாற்ற ஒரு ஃபைலைத் திறந்தால் போதும்.

8 மில்லிமீட்டர் காய்க்கு ஒரு சப்கிளாஸ், 7 மில்லிமீட்டருக்கு இன்னொன்று என்று இன்ஹெரிட்டன்ஸில் (ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றைப் பிறப்பிப்பதில்) இறங்குபவர்களும் உண்டு. காயின் அளவு வெறும் மதிப்பு. அதனால் லாட் நடந்துகொள்ளும் விதம் மாறுவதில்லை. ஒரு ஃபீல்டு போதும். எஸ்எம்எஸ் அனுப்புவதும் பில் அச்சிடுவதும் இந்தக் கிளாஸின் வேலையே அல்ல. உள்ளே விட்டால் டெஸ்ட் எழுதவே முடியாது.

டெஸ்டுகளில் முதலில் எழுத வேண்டியது, விற்ற லாட்டை மறுபடி விற்க முயல்வது. அடுத்து, திரும்பப் பெற்றதை விற்பது, பூஜ்ய எடை, மேலே சொன்ன 62.350 கிலோ கணக்கு.