பாரிசவாதம் வந்தவருக்குத் தண்ணீர்தான் கடினம்

"சோறு இறங்குதில்லை மிஸ், அதாலை கஞ்சித்தண்ணியும் இளநீரும்தான் பருக்குறம்." மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கங்களிலிருந்து வரும் குடும்பங்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது இது. பாசத்தில்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் பாரிசவாதத்துக்குப் பிறகு விழுங்குவதற்குப் பெரும்பாலும் மிகக் கடினமானது தண்ணீர்தான்.

நாம் விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாசல் ஒரு கணம் மூடித் திறக்கிறது. நாக்கும் தொண்டைத் தசைகளும் சோர்ந்துபோனவருக்கு அந்த மூடல் பிந்துகிறது. தண்ணீர் அதுவரை காத்திராமல் ஓடி, சுவாசப்பைக்குள் இறங்கிவிடும். தடிப்பான உணவு மெல்ல நகர்வதால் தொண்டைக்கு அவகாசம் கிடைக்கிறது.

பாரிசவாதம் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஆரம்பத்தில் இந்தச் சிக்கல் இருக்கும். பலருக்குச் சில வாரங்களில் குறைந்துவிடும். அந்த வாரங்களில் நியூமோனியா வராமல் பார்ப்பதுதான் பெரிய வேலை.

"புரைக்கேறவே இல்லையே" என்று ஆறுதல்படாதீர்கள். தொண்டையின் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இருமல் வராமலே உணவு உள்ளே போய்விடும். ஓர் ஐயா தேத்தண்ணியை இருமாமல் குடித்து முடித்தார். பிறகு பேத்தியின் பெயரைச் சொல்லச் சொன்னேன். தொண்டைக்குள் தண்ணீர் நிற்பதுபோலக் குரல் களகளத்தது. வீட்டிலும் குடித்ததும் "ஆ" சொல்லச் சொல்லிக் கேளுங்கள். சோர்ந்த பக்கக் கன்னத்துக்குள் சோறு தங்குகிறதா, அடிக்கடி காய்ச்சல் வருகிறதா, உடல் மெலிகிறதா என்றும் பாருங்கள்.

சரி, எதைக் கொடுக்கலாம்? பருக்கையும் தண்ணியுமாக இருக்கிற கஞ்சி வேண்டாம். வாய் ஒரே நேரத்தில் இரண்டையும் சமாளிக்க வேண்டும். மீனும் கீரையும் மிதக்கும் ஒடியல் கூழும் அப்படித்தான். புட்டு உதிரும். ஐஸ்கிரீம் வாய்க்குள் போனதும் தண்ணீராகிவிடும். நம்மூர் எருமைத் தயிர் நல்லது, ஆனால் மேலே தெளிந்து நிற்கும் நீரை ஊற்றிவிட்டு நன்றாக அடித்துக் கொடுங்கள். பூசணிக்காயை அவித்துக் கட்டியில்லாமல் மசிக்கலாம். கரண்டியைச் சரித்தால் உணவு ஒன்றாக வழுக்கி விழ வேண்டும். ஒழுகினாலும் சரியில்லை, பசைபோல ஒட்டிக்கொண்டாலும் சரியில்லை. யாருக்கு எந்தத் தடிப்பு என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும், அதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.

படுக்க வைத்துப் பருக்கவே வேண்டாம். நிமிர்த்தி இருத்தி, தேக்கரண்டியால் சிறிது சிறிதாகக் கொடுத்து, முன்னையது இறங்கிய பிறகே அடுத்ததைக் கொடுங்கள். சாப்பிடும் நேரத்தில் ரீவியை நிறுத்துங்கள்; பார்க்க வந்தவர்கள் கொஞ்சம் பொறுக்கட்டும். சாப்பிட்டு அரை மணித்தியாலமாவது நிமிர்ந்தே இருக்கட்டும்.

அதிகம் கவனிக்காமல் விடுவது வாய்ச் சுத்தம். உணவு கொடுக்க மூக்கால் குழாய் போட்டவருக்கும் காலையும் இரவும் பல்லும் நாக்கும் துலக்க வேண்டும். எச்சிலோடு உள்ளே போகும் கிருமிகள்தான் சுவாசப்பையைக் கெடுக்கின்றன. குழாய் இருக்கும்போது "ஆசைக்கு ஒரு வாய்" என்று ஒளித்துக் கொடுக்கவும் வேண்டாம். குழாயை எடுக்கலாமா என்று மறுபடி பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்; கேட்பது உங்கள் உரிமை.

பலத்தோடு விழுங்குவது, நாக்கால் கரண்டியைத் தள்ளுவது எனப் பயிற்சிகள் உண்டு. ஆனால் யூடியூப் பார்த்துத் தொடங்க வேண்டாம். சில பயிற்சிகள் கழுத்து வருத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. குளிசைகளையும் நீங்களாக இடித்துக் கொடுக்காதீர்கள், சிலவற்றை இடிக்கவே கூடாது. மருந்தாளரிடம் கேளுங்கள்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, விழுங்குவதைப் பரிசோதித்தார்களா என்று வார்ட்டில் கேட்டு, எந்தத் தடிப்பில் உணவு என்பதைக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். விழுங்குவதைப் பரிசோதிப்பவர் பேச்சு சிகிச்சையாளர்; அவர் இல்லாத வைத்தியசாலை என்றால், இருக்கிற இடத்துக்குக் கடிதம் கேளுங்கள். வீட்டுக்குப் போனபின் காய்ச்சலோடு மூச்சு வாங்கினால் கிளினிக் நாள் வரை பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.