முக்குகிறது என்றால் மலச்சிக்கல்தானா?

"ரெண்டு நாளா மலச்சிக்கல் டாக்டர், முக்கிக்கிட்டே இருக்கான்" என்று ஐந்து வயது ஆண் டால்மேஷியன் நாய் ஒன்றைத் தூக்கி வந்தார்கள். வீட்டிலேயே பேதி மருந்தும் கொடுத்தாயிற்று. அடிவயிற்றில் கை வைத்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது: சிறுநீர்ப்பை காற்றடைத்த பந்து போல விறைத்துக் கிடந்தது. சிறுநீர் எடுக்கும் மெல்லிய குழாயான கதீட்டரைச் செலுத்தினால் பாதி வழியில் கரகரவென்று உரசி நின்றது. கல்.

ஆண் நாயின் குறிக்குள் சிறிய எலும்பு ஒன்று உண்டு. சிறுநீர்க் குழாய் அந்த எலும்பின் பள்ளத்தில்தான் போகிறது, அங்கே விரிந்துகொடுக்க இடமில்லை என்பதால் பையிலிருந்து இறங்கும் கல் பெரும்பாலும் அதற்குச் சற்றுப் பின்னால் வந்து மாட்டிக்கொள்ளும். டால்மேஷியனுக்குப் பிறவியிலேயே யூரேட் கல் (யூரிக் அமில உப்பு சேர்ந்து உருவாகும் கல்) வரும் வாய்ப்பு அதிகம். அது சாதாரண எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது, ஸ்கேன் செய்துதான் பார்க்க வேண்டும்.

முழுதாக அடைத்துக்கொண்டால் சிறுநீரோடு வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். ஓரிரு நாளில் உயிரே போகலாம். வாந்தி, சோர்வு, சாப்பிட மறுப்பது எல்லாம் வந்துவிட்டால் ஏற்கெனவே தாமதம்தான்.

அதனால் உங்கள் நாய் முக்கும்போது தயவுசெய்து பக்கத்தில் போய்க் குனிந்து பாருங்கள். சிறுநீர் தாரையாக வருகிறதா, காலைத் தூக்கியபடி வெகுநேரம் நின்றுவிட்டு ஒன்றுமில்லாமல் நகர்கிறதா? "சொட்டுச் சொட்டாக வருதே, அப்போ அடைப்பில்லை" என்று நினைப்பவர்கள்தான் அதிகம், ஆனால் பை நிரம்பி வழிந்தாலும் அப்படித்தான் சொட்டும். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், பை கிழிந்துவிடலாம். மனிதர்களுக்கான வலி மாத்திரை வேண்டவே வேண்டாம்.

பெண் நாய்களுக்குக் குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் அடைப்பு குறைவு, தொற்று அதிகம். பழகிய நாய் திடீரென்று வீட்டுக்குள் சிறுநீர் விட்டால் திட்டாதீர்கள், அது சேட்டை இல்லை, எரிச்சலில் அடக்க முடியவில்லை. ரத்தம் கலந்திருந்தால் அன்றைக்கே காட்டுங்கள். அப்புறம், கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் முடிந்த சில வாரங்களில் நிறையத் தண்ணீர் குடித்து, நிறையச் சிறுநீர் விட்டு, சோர்ந்து படுத்தால் கருப்பையில் சீழ் கோத்திருக்கலாம். அதுவும் அவசரம்தான்.

அந்த டால்மேஷியனுக்கு சலைன் பீய்ச்சிக் கல்லைப் பைக்குள் தள்ளி, ரத்தப் பரிசோதனை சீரானதும் அறுவை செய்து எடுத்தோம். பிழைத்துக்கொண்டான். இன்னும் ஒரு ராத்திரி பொறுத்திருந்தால் சொல்லியிருக்க முடியாது. கிளம்பும் முன் டாக்டருக்கு போன் செய்யும்போது முதல் வார்த்தையே "சிறுநீர் வரவில்லை" என்று சொல்லுங்கள், வரிசையில் உட்கார வைக்காமல் உடனே உள்ளே கூப்பிடுவார்கள்.